வெங்காயத் தண்ணீரும் கரைகிற நூலும்

டாக்டர் என்னைத் தைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு இருந்த கவலை நூலைப் பற்றியது.

பிள்ளை பிறந்து, அழுது, துடைத்து, என் நெஞ்சில் ஒருமுறை வைத்து எடுத்தாயிற்று. பெண் பிள்ளை. விரல்கள் எல்லாம் சரியாக இருந்தன; நானே எண்ணிப் பார்த்தேன். அத்தோடு ஒன்பது மாதக் கவலை தீர்ந்தது. ஆனால் எனக்குள் ஒரு கதிரை, அதாவது நாற்காலி, இருக்கிறது, அதில் எப்போதும் ஏதாவது ஒரு கவலை இருக்கவேண்டும். ஒன்று எழும்பிப் போனால் அடுத்தது வந்து இருந்துவிடும்.

கால்மாட்டில் நின்ற டாக்டர் சின்னப் பெண், என்னைவிட இளையவளாகக்கூட இருக்கலாம். பிள்ளை வெளியே வந்தபோது கிழிந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். விறைப்பு ஊசி போட்டிருந்ததால் நோவு இல்லை, இழுக்கிறது மட்டும் தெரிந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெஷினில் இருந்தவள். மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு தையல்கடையில் சாரி ப்ளவுஸ் தைப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு இழுப்புக்கும் அடுத்த குத்து எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் பிரச்சினை.

"எத்தனை தையல் டாக்டர்?"

"உள்ள கொஞ்சம், வெளிய கொஞ்சம்," என்றாள். சிங்களப் பெண், தமிழ் அளவாக வரும். "பயம் வேணாம்."

"எப்ப வெட்டி எடுக்கிறது?"

"எடுக்கத் தேவல்ல. நூல் கரையும்."

கரையுமா? நான் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தபடி யோசித்தேன். கரைகிற நூலால் ஒரு ப்ளவுஸ் தைத்து ஒரு கலியாணப் பொம்பிளையிடம் கொடுத்தால் என்ன ஆகும்? தாலி கட்டுகிற நேரம் கை தூக்குவாள், முதலில் கக்கம் விடும், பிறகு பக்கம் விடும். நூல் கரைந்த பிறகு துணியை எது பிடித்திருக்கும்? இதை எப்படிக் கேட்பது என்று நான் சொல் தேடுவதற்குள் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வார்ட்டில் எங்களை வீட்டுக்கு அனுப்புகிற நேரம். ஒரு மிஸ்ஸி, தாதியை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், கை நிறையத் துண்டுச் சீட்டுகளோடு நடுவில் நின்று எல்லாக் கட்டிலுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனாள். பால் கொடுப்பது, காய்ச்சல் வந்தால் ஓடி வருவது எல்லாம் கையசைவிலேயே விளங்கியது. பிறகு கையால் ஒரு பேசின் போல வட்டம் போட்டு, அதில் குந்துகிற மாதிரி லேசாக முழங்காலை மடக்கி, "லுணு வத்துர" என்றாள். அடுத்த கட்டில்காரி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

வத்துர என்றால் தண்ணீர், அது தெரியும். லுணுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

என் சிங்களம் சாப்பாட்டுச் சிங்களம். வெள்ளவத்தையில் இருந்த காலம் முழுக்க அது தேவைப்படவே இல்லை. மரக்கறி, மருந்து, வீட்டு வாடகை, சண்டை எல்லாமே அங்கே தமிழில் நடக்கும். கொட்டாஞ்சேனையில் கலியாணம் கட்டி வந்த பிறகுதான் கணவரின் அம்மாவான என் மாமியின் சமையல் குசினி வழியாக ஒவ்வொரு சொல்லாக வந்து சேர்ந்தது. மாலு என்றால் மீன். கிரிபத் என்றால் பாற்சோறு. பாற்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மாமி இடிக்கிற வெங்காயச் சம்பலுக்கு லுணுமிரிஸ் என்று பெயர். மிரிஸ் என்றால் மிளகாய். லுணுமிரிஸில் மிளகாயைக் கழித்தால் மிச்சம் நிற்பது வெங்காயம். ஆகவே லுணு என்றால் வெங்காயம். இதைப் போய் யாரிடமாவது கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் நான். சந்தேகப்படவேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "இஞ்சேருங்கோ, வெங்காயம் வேணும்," என்றேன்.

அவர் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து லொறி ஓடுகிறவர். விடியமுதல் போய்ப் பத்து மணிக்குத் திரும்பி, குளித்துவிட்டுப் படுத்துவிடுவார். துவாயைத் தோளில் போட்டபடி நின்றார்.

"சின்னதா, பெருசா?"

அதை யோசிக்கவில்லை. "சின்னது. நல்லதாப் பாத்து."

"கறிக்கா?"

"இல்லை. ஆஸ்பத்திரியில சொன்னது. தையலுக்கு."

தையல் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் ஒருவிதமாகப் போய்விட்டது. அந்தப் பேச்சிலிருந்து தப்பினால் போதும் என்று, கேள்வி எதுவும் கேட்காமல் துவாயோடேயே சந்திக் கடைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கிவந்து மேசையில் வைத்தார்.

பத்தியம் பார்க்க மன்னாரிலிருந்து அம்மா வந்திருந்தா. வெங்காயத்தை உரித்து, நசித்து, அவித்து, வடித்து, ஆறவைத்து ஒரு நீலப் பேசினில் ஊற்றிக் குளியலறையில் வைத்தது அம்மாதான். காலையும் மாலையும் நான் அதில் போய்க் குந்தினேன். எரிந்தது. கண்ணும் எரிந்தது.

"எரியுதே பிள்ளை?" என்று அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்பா.

"ஓமம்மா."

"அப்ப வேலை செய்யுது."

அம்மாவின் மருத்துவத்தில் எரியாதது மருந்தே இல்லை.

இந்த எரிச்சலையெல்லாம் நான் தாங்கிக்கொண்டதற்குக் காரணம் அலுமாரியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. பிள்ளையின் ஞானஸ்நானக் கவுன். ஏழாம் மாதத்திலேயே வெள்ளைத் துணி எடுத்து, வெட்டி, துண்டுகளைச் சேர்த்து நூலோட்டி வைத்திருந்தேன். மெஷினில் ஓட்டுவதற்கு முன் துணி அசையாமல் நிற்பதற்காகக் கையால் பெரிய பெரிய குத்தாக ஓட்டி வைப்போமே, அது. மெஷின் தையல் போட்ட பிறகு அந்த நூலை உருவி எறிந்துவிடுவோம். எட்டாம் மாதம் மெஷினில் இருந்து முடிக்கலாம் என்று நினைத்தேன். வயிறு மெஷினுக்கு முட்டியது. சரி, பிள்ளை பிறந்த பிறகு என்று வைத்தேன். ஞானஸ்நானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தாகிவிட்டது, ஃபாதரிடமும் சொல்லியாகிவிட்டது. ஊரில் எத்தனையோ பேரின் பிள்ளைகளுக்கு நான் கவுன் தைத்திருக்கிறேன். என் பிள்ளைக்குக் கடையில் வாங்கிப் போடுவதா?

ஆனால் தைப்பதற்கு நான் இருக்கவேண்டும். இருப்பதென்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் உட்காருவது. அதுதான் முடியவில்லை.

படுத்தால் சரி, நின்றால் சரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒன்றுக்குத்தான் பயம். நோவு அவ்வளவு இல்லை என்றே சொல்லவேண்டும், நாலைந்து நாளில் தணிந்துவிட்டது. ஆனால் கதிரையில் இருக்கப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சத்தம் கேட்கும். இறுக்கமான ப்ளவுஸ் போட்டுக்கொண்டு குனிகிறவர்களின் முதுகில் கேட்குமே, 'டர்' என்று, அந்தச் சத்தம். உடனே எழும்பிவிடுவேன். சோறு நின்றபடி. தேத்தண்ணீர் நின்றபடி. பால் கொடுப்பது சரிந்து படுத்தபடி. பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எங்கள் சின்ன முன்னறையில் இருக்க, நான் மட்டும் சுவரில் சாய்ந்து நின்று கதைப்பேன்.

"உக்காருங்களேன் மகள்," என்பார்கள்.

"பரவாயில்ல, நிக்கிறது நல்லம் எண்டு டாக்டர் சொன்னவ," என்பேன். அந்தப் பாவப்பட்ட டாக்டர் தலையில் நான் போட்ட பொய்கள் கொஞ்சமில்லை.

மலசலகூடத்துக் கதையையும் சொல்லாமல் விட முடியாது. முதல் மூன்று நாள் நான் போகவே இல்லை. போனால் எல்லாம் பிரிந்துவிடும் என்று நம்பினேன். அம்மா பப்பாசிப்பழம் தந்தா, மாமி வாழைப்பழம் தந்தா, இரண்டு பேரும் போட்டியாக வெந்நீர் தந்தார்கள். நாலாம் நாள் உடம்பு என்னைக் கேட்காமல் முடிவெடுத்தது. நான் உள்ளே கதவுக் கொளுக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு ஜெபமாலையையும் வேகமாகச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்தால் அம்மாவும் மாமியும் வாசலில் நிற்கிறார்கள், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"போச்சா?" என்றார் மாமி.

"போச்சு."

"மாதாவே!" என்று மாமி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த செய்திக்குக்கூட அவர் அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை என்று கணவர் பிறகு சொன்னார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் குடையும் பையுமாக வந்தார். பிள்ளையைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், என் வயிற்றை அமத்திப் பார்த்தார். வேறு வீடுகளும் இருந்ததால் அவசரம். போகும்போது என் பக்கம் திரும்பி, "லுணு வத்துர தானவத?" என்று கேட்டார். லுணு வத்துர பாவிக்கிறாயா என்று விளங்கியது. எனக்குச் சரியான சந்தோசம். அவரும் அதையே சொல்கிறார்!

"ஓம் மிஸ், ரெண்டு நேரமும்," என்று இரண்டு விரலைக் காட்டினேன்.

"ஹொந்தாய்," என்றார். நல்லது என்று அர்த்தம். அன்று மாலை அம்மாவிடம் இன்னும் பத்து வெங்காயம் கூடப் போடச் சொன்னேன்.

வீடு எப்படி மணத்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கணவர் கொண்டுவருவது மீன் வாசம். மாமி எனக்குப் பால் ஊற வேண்டுமென்று நாளும் பால்சுறா வறுப்பார். அம்மா உள்ளிப்பூண்டு போட்டு, பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக்கறி வைப்பா. அதற்குமேல் குளியலறையிலிருந்து என் வெங்காயம். "குழம்பு கூட்டி ரெடியா இருக்கு, நம்ம மூணு பேரும் உள்ள விழவேண்டியதுதான்," என்பார் கணவர், பிள்ளையை முகர்ந்தபடி.

பத்தாம் நாள் துணிந்து கவுனை எடுத்தேன். மெஷின் யன்னலோரம் இருக்கிறது. ஸ்டூலில் தலையணை வைத்து, அதற்குமேல் மடித்த போர்வை வைத்து, பாதி இருந்தும் பாதி இராமலும் ஒரு தோள் தையல் ஓட்டினேன். ஒரு சாண் நீளம் வராது. நடுவில் எங்கேயோ சுருக்கென்றது. எழும்பிவிட்டேன். பார்த்தால் தையல் கோணியிருந்தது. பழகத் தொடங்கின காலத்தில்கூட நான் அப்படிக் கோணித் தைத்ததில்லை. கவுனைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றா.

"கடையில வடிவான கவுனுகள் இருக்கெல்லோ பிள்ளை," என்றா மெதுவாக.

அம்மா அப்படிச் சொன்னதுதான் என்னைச் சுட்டது. இனி இவளால் இருந்து தைக்க முடியாது என்று அம்மாவும் நினைத்துவிட்டா போல. கவுனை விடுங்கள், ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் மெஷினில் இருந்து செய்கிற வேலை எனக்கு. இருக்க முடியாத தையல்காரி என்ன செய்வாள்?

அடுத்த நாள் காலை அது நடந்தது. பேசினிலிருந்து எழும்பும்போது தண்ணீரில் ஒரு நூல் மிதந்தது.

வெங்காயத் தோல் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து எடுத்தேன். தோல் இல்லை. ஊதா நிறத்தில், அரை அங்குலம் வரும், ஒரு நுனியில் முடிச்சு. எனக்கு நூலைத் தெரியாதா? முடிச்சோடு கழன்று வந்திருக்கிறது. முடிச்சு விட்டால் வரிசையாக எல்லாம் விடும். கரையும் என்றுதானே அவள் சொன்னாள், கழலும் என்று சொல்லவில்லையே.

நான் கத்தவில்லை. கத்தினால் வயிறு எக்கும், வயிறு எக்கினால் மிச்சமும் விடும். நூலை ஒரு டிஷ்யூக் கடதாசியில் சுற்றி, என் பொத்தான் டப்பாவில் வைத்து மூடினேன். முழங்கால் இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டு, குளிரில் நடக்கிற கோழிபோலக் கட்டிலுக்கு வந்து படுத்தேன். அப்படியே அசையாமல் கிடந்தால் சதை தானாக ஒட்டும் என்று ஒரு யோசனை. அம்மாவிடம் சொன்னால் அழுவா. மாமியிடம் சொன்னால் பக்கத்து வீடு முழுக்கச் செபிக்கும். கணவர் வேலையால் வரும்வரை அப்படியே கிடந்தேன்.

"இஞ்சேருங்கோ. என்ர தையல் விட்டுப்போச்சு."

"எந்த ப்ளவுஸ்ல?"

"என்னில!"

மனிதர் குளிக்கக்கூட இல்லை. மீன் செதிள் ஒட்டின சேர்ட்டோடேயே வெளியே போய் மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தார். அவர் பக்கத்துத் தெருவில்தான் இருந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் குடையை மடக்கியபடி உள்ளே வந்தவர், வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினார். அம்மா அப்போதுதான் மத்தியான வேளைக்கென்று இன்னொரு சட்டி அவித்துக்கொண்டிருந்தா. எனக்கு ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்ததும் மருந்தைக் கூட்டினா போல.

"மொகத்த மே கந்த?" இது என்ன மணம்?

பதிலுக்குக் காத்திராமல் மிஸ் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்க்க வந்தார். நான் முதல் வேலையாகப் பொத்தான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். "நூல், மிஸ், நூல்!" நல்லகாலம், அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அவர் எட்டிப் பார்த்தார். ஒரு சட்டைப் பொத்தான், இரண்டு கொளுக்கி, நடுவில் டிஷ்யூவில் என் நூல். சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, டோர்ச் எடுத்து, நிதானமாகப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த 'டர்' சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

"சனீபாய்," என்றார். பிறகு தமிழைத் தேடிப் பிடித்தார். "சுகம். நல்ல சுகம். ஒட்டியாச்சு."

"அப்ப நூல்?"

"வேல முடிஞ்சிச்சு. நூல் போகும். சதை ஒட்டிச்சு, இனி நூல் எதுக்கு?" இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து இறுக்கிக் காட்டினார். பிறகு ஒரு விரலால் அந்தச் சேர்ந்த கைகளின் மேலிருந்து எதையோ உருவி எறிவதுபோல் காட்டினார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த உருவுகிற கை எனக்குத் தெரிந்த கை. பதினைந்து வயதிலிருந்து நாளும் நான் செய்கிற வேலை அது. அலுமாரிக்குள் பிளாஸ்டிக் பையில் கிடக்கிற கவுனில் என்ன ஓடியிருக்கிறதோ அதைத்தான் அந்த டாக்டர் பெண் எனக்கும் ஓட்டி வைத்திருக்கிறாள். அது வெறும் நூலோட்டம். உண்மையான தையலை உடம்பு தன்பாட்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்த டாக்டர், நூல் கரையும் என்று சொல்லாமல், நூலோட்டி வைத்திருக்கிறேன் அக்கா என்று சொல்லியிருந்தால் நான் மூன்றாம் நாளே கதிரையில் இருந்திருப்பேன்.

மிஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா கொஞ்சம் சிவப்பு இரிக்கி. என்ன பூசுற?"

"ஒண்டும் பூசேல்ல மிஸ். லுணு வத்துர மட்டும்."

"லுணு வத்துர," என்று தலையாட்டியவர், அப்படியே நின்றார். மூக்கு திரும்பவும் சுருங்கியது. கதவைத் திறந்து நேராகக் குசினிக்குப் போனார், நானும் பின்னால் போனேன். அங்கே அடுப்பில் சட்டி, பக்கத்தில் வெங்காயத் தோல் மலை, நடுவில் கண்ணீரோடு அம்மா.

"ஐயோ துவ!" என்று மிஸ் கத்தினார். துவ என்றால் மகள். "லூனு நெவெய், லுணு!"

நெவெய் என்றால் இல்லை என்று தெரியும்; மற்ற இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது. என் கணவர்தான், சின்ன வயதிலிருந்து அந்தத் தெருச் சிங்களத்தில் வளர்ந்தவர், முதலில் விளங்கிக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து நிலத்திலேயே இருந்துவிட்டார்.

"லூனுன்னா வெங்காயம்," என்றார் மூச்சு வாங்கி. "லுணுன்னா உப்பு. உப்புத் தண்ணி! அவங்க சொன்னது உப்புத் தண்ணி!"

"அப்ப லுணுமிரிஸ்?" நான் விடவில்லை. "அதில வெங்காயம்தானே கிடக்கு?"

"உப்பும் மொளகாயும் போட்டு இடிக்கிறது. வெங்காயம் பொறகு வந்து சேந்தது!"

பத்து நாளாக வெங்காயத்தில் குந்தியவளுக்கு இதையெல்லாம் ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. பிறகு நான் மற்ற இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் இவ்வளவு பேர் இருந்தும் ஒருவருக்கும் ஒரு சந்தேகம் வரவில்லையா?

"நான் என்னத்தைக் கண்டன்," என்றா அம்மா. "கொழும்பு டாக்டர்மார் சொல்லிவிட்டினம் எண்டு நீதானே சொன்னனி. புதுசா ஏதோ வந்திருக்கு எண்டு நினைச்சன்."

மாமிக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவரைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"நான் மன்னாருல இப்பிடித்தான் செய்வாங்கன்னு நெனச்சேன் மகள். ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொரு வழக்கம் இருக்குந்தானே. நான் ஏதாச்சும் சொல்லி, சம்மந்தி மனசு நோகிருமேன்னு வாயே தொறக்கல."

"ஐயோ, நான் உங்கட வழக்கம் எண்டெல்லோ கண்ணெரிய எரிய உரிச்சனான்!" என்றா அம்மா.

அதுவரை இரண்டு பேரும் "வாங்க", "சாப்பிடுங்க" என்று மரியாதையாக மட்டும் கதைத்துக்கொண்டிருந்தவர்கள். இப்போது ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளை பிறந்த பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது அன்றுதான். சிரித்ததில் கொஞ்சம் மூத்திரமும் போய்விட்டது. கதிரை காலியானதும் அடுத்த கவலை வந்து இருந்துவிட்டது, பார்த்தீர்களா? மிஸ்ஸின் காதில் சொன்னேன். அதுவும் கன பேருக்கு வருவதுதான், மூத்திரத்தை அடக்குகிற மாதிரி இறுக்கிப் பிடித்துப் பிடித்து விடு, நாளும் செய், கொஞ்ச நாளில் சரிவரும், வராவிட்டால் கிளினிக்குக்கு வா என்றார். இன்றைக்கும் பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்கிறேன். வெளியே பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது.

மிஸ் போகும்போது குடையால் குசினியைக் காட்டி, "அத வீசுங்க," என்றார். "இனி உப்பும் வேணாம். நல்ல தண்ணி போதும். ரெண்டு மூணு நாள்ல செவப்பு போகல்லன்னா எனக்குப் போன் எடுங்க." படியிறங்கும்போது அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அன்று அவர் போன அடுத்த வீடுகள் எல்லாவற்றிலும் என் கதைதான் போயிருக்கும்.

மிஞ்சின வெங்காயத்தை மாமி வீசவில்லை. அடுத்த நாள் பாற்சோறு கிண்டி லுணுமிரிஸ் இடித்தார். எனக்குப் பத்தியம், உறைப்புக் கூடாது. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைக்கப் போனேன். கணவர் தட்டை இழுத்துக்கொண்டார்.

"நீ சாப்புடாத. நீ அதுல குளிச்சவ."

சிவப்பு இரண்டு நாளில் அடங்கியது. அன்று பின்னேரம், பிள்ளை நித்திரையாகிய நேரம், மெஷினுக்குப் போனேன். ஸ்டூலில் போர்வை எதுவும் போடவில்லை. ஒரு தலையணை மட்டும் வைத்தேன். மெதுவாக இறங்கி, ஒரு பக்கமாக முதலில், பிறகு மற்றப் பக்கமாக, முழுப் பாரத்தையும் விட்டு இருந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கீழே தெருவில் பாண்காரனின் மணி கேட்டது. வேறு சத்தம் எதுவும் இல்லை.

கோணின தோள் தையலைப் பிரித்துத் திரும்ப ஓட்டினேன். பிறகு பக்கம், கை, கழுத்து. பிள்ளை எழும்பினால் நிறுத்துவேன், பால் கொடுத்துவிட்டுத் திரும்பவும் வந்து இருப்பேன். அப்படி மூன்று நாள் எடுத்தது. கடைசியில் நூலோட்டத்தை உருவினேன். நல்ல நூலோட்டம் என்றால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுதாக வந்துவிடும். வந்தது. தையலில் ஒரு சுருக்கம் விழவில்லை. அந்த நூலைக் குப்பையில் போடாமல் பொத்தான் டப்பாவில் மற்ற நூலோடு வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அம்மா கண்டால் அருவருப்படைவா என்று டப்பாவை மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளை கவுனோடு ராசாத்தி மாதிரி இருந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் கோயில் அதிரக் கத்தினாள். அது முடிந்ததும் ஃபாதர் கையைக் காட்டி, எல்லோரும் உட்காருங்கள் என்றார். அம்மா ஒரு பக்கமும் மாமி ஒரு பக்கமும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். கோயில் வாங்கு, அதுதான் பெஞ்சு, வெறும் பலகை; தலையணை கிடையாது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து நானும் இருந்தேன்.

மாமி குனிந்து பிள்ளையின் கவுன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். தையலைப் பார்க்கிறார் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"ரெண்டு தரம் தோச்சேன் மகள்," என்றார் என் காதில். "இன்னும் லேசா வெங்காயம் மணக்குது."